முழு இருதயம் என்றால் எவ்வளவு? ஜெபம் பற்றிய கேள்வி பதில்

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் போன மாதம் தியானித்த வசனம் உபாகமம் 6:5. “நீ உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் உன் முழு இருதயத்தோடும், உன் முழு ஆத்துமாவோடும், உன் முழுப் பலத்தோடும் அன்புகூருவாயாக.” அதைக் கேட்டுவிட்டுப் பலர் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் சொல்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

அம்மா, இரட்சிக்கப்பட்ட புதிதில் ஜெபிக்க உட்கார்ந்தாலே கண்ணீர் வரும். இப்போது பத்து வருஷம் ஆகிவிட்டது. ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன், ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. என் அன்பு செத்துவிட்டதா?

சாகவில்லை மகளே. செத்திருந்தால் இந்தக் கேள்வியை எழுதியிருக்க மாட்டாய்.

வெளிப்படுத்தின விசேஷம் 2-இல் எபேசு சபைக்கு ஆண்டவர் சொன்னதைத் திறந்து பார். “ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்” என்று கடிந்துகொள்கிறார். அதோடு நிறுத்தாமல் அடுத்த வசனத்திலேயே வழியும் காட்டுகிறார்: நினை, மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய். பழைய உணர்ச்சியைத் திரும்ப வரவழை என்று அவர் கேட்கவே இல்லை. உணர்ச்சி நம் கையில் இல்லை என்று அவருக்குத் தெரியும். கிரியை நம் கையில் இருக்கிறது. அந்த நாட்களில் நீ என்னென்ன செய்தாய்? யாரைப் போய்ப் பார்த்தாய்? எந்தச் சங்கீதத்தை மனப்பாடம் செய்தாய்? அதை மறுபடி செய்.

அவிலா ஊர்த் தெரேசா (1515–1582) கத்தோலிக்கத் துறவி. நம் சபையார் அதிகம் பேசாத பெயர். ஜெபத்தைப் பற்றி அவரளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. அவரே பல வருஷங்களாக ஜெப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். ஆனாலும் எழுந்து போகவில்லை. எனக்கும் இரண்டு வருஷம் அப்படி ஒரு வறட்சி இருந்தது. “ஆண்டவரே, இன்றைக்கும் ஒன்றும் தோன்றவில்லை, ஆனாலும் வந்திருக்கிறேன்” என்பதுதான் அப்போது என் முழு ஜெபமும். இப்போது திரும்பிப் பார்க்கும்போது, கண்ணீர் வந்த நாட்களைவிட அந்த நாட்களில்தான் அவரை அதிகம் நேசித்தேனோ என்று தோன்றுகிறது.

ஊக்கமான ஜெபம் என்றால் சத்தமாக ஜெபிப்பதா? எங்கள் பகுதியில் உரத்துக் கதறினால்தான் ஜெபவீரர் என்கிறார்கள். எனக்குச் சத்தமே வராது.

பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்த அன்னாளுக்கும் வரவில்லை. 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில், “அவளுடைய உதடுகள்மாத்திரம் அசைந்தது” என்றிருக்கிறது. ஆசாரியனான ஏலியே தப்பாகப் புரிந்துகொண்டு, குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். அவள் கொடுத்த பதிலை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை: “நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்.”

ஊற்றுவது என்ற சொல்லைக் கவனியுங்கள். செம்பைக் கவிழ்த்தால் நல்ல தண்ணீரும் வரும், அடியில் கிடக்கிற மண்டியும் வரும். அன்னாளிடம் பிள்ளை ஏக்கம் மட்டுமா இருந்தது? சக்களத்தி பெனின்னாள் வருஷா வருஷம் குத்திக் குத்திப் பேசியதால் உண்டான மனக்கசப்பும் இருந்தது. எல்லாவற்றையும் கவிழ்த்தாள். “முழு இருதயம்” என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். சுத்தமான இருதயம் வந்த பிறகு கொண்டுபோய் நீட்டுவதென்றால் நம்மில் யாரும் போக முடியாது. இருக்கிற இருதயத்தை, ஒன்றையும் ஒளித்து வைக்காமல், அப்படியே கொண்டுபோக வேண்டும்.

அதன் பிறகு நடந்ததையும் விட்டுவிடாதீர்கள். அவள் எழுந்து போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை. பிள்ளை இன்னும் பிறக்கவில்லை, கர்ப்பமும் தரிக்கவில்லை. அதற்குள்ளேயே பசி எடுத்துவிட்டது!

சத்தமாக ஜெபிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. குருடனான பர்திமேயு ஊர் அதட்டியும் அடங்காமல் கூப்பிட்டான், ஆண்டவர் நின்றார். உங்களுக்கு எது இயல்போ அப்படி ஜெபியுங்கள்.

ஐ.டி. வேலை. இரவு ஷிப்ட் முடிந்து ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் அலைபாய்கிறது. வீட்டுக் கடன், மேனேஜர், போன்...

போனை வேறு அறையில் வையுங்கள் தம்பி, அதற்கு ஆவிக்குரிய விளக்கம் ஒன்றும் தேவையில்லை. மற்ற இரண்டையும் விரட்டாதீர்கள். மனம் வீட்டுக் கடனுக்குப் போனால், ஜெபத்தையும் கூடவே அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். கவலைப்படுகிற இடம்தான் உங்கள் இருதயம் உண்மையில் இருக்கிற இடம். நேரம் குறைவாக இருந்தால் பத்து நிமிஷம் போதும், ஆனால் தினமும் அதே பத்து நிமிஷமாக இருக்கட்டும்.

ஆராதனையில் பரமண்டல ஜெபத்தை எல்லோரும் கடகடவென்று ஒப்புவிக்கிறோம். ஆண்டவர் வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்றாரே?

அப்படிச் சொன்ன அதே இடத்தில்தான், மத்தேயு 6-இல், இந்த ஜெபத்தையும் கற்றுக்கொடுத்தார். ஆகவே திரும்பச் சொல்வது குற்றமில்லை. வீட்டில் தனியாக இருக்கும்போது ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்ற வரியில் ஒரு வாரம் முழுக்க நின்றிருக்கிறேன், தாண்ட முடியவில்லை.

என் மகன் குடிக்கு அடிமையாகிவிட்டான். பன்னிரண்டு வருஷமாக உபவாசித்து ஜெபிக்கிறேன். தூத்துக்குடிக்கு வேலைக்குப் போகக் கூடாது, கெட்டுவிடுவான் என்று அழுது ஜெபித்தேன். போயேவிட்டான். தேவன் கேட்கிறாரா இல்லையா?

அம்மா, உங்களைப் போலவே ஜெபித்த ஒரு தாயைச் சொல்கிறேன். வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மோனிக்கா. மகன் அகுஸ்தீன் 354-இல் பிறந்தவன், புத்திசாலி, ஆனால் தாயின் விசுவாசத்தை விட்டுத் தன் இஷ்டத்துக்கு வாழ்ந்தவன். அவன் ரோமாபுரிக்குக் கப்பலேறப் பார்த்தபோது, போகவிடக் கூடாது என்று அவள் கடற்கரை வரை கூடவே போனாள். அவன் பொய் சொல்லி அவளை ஏமாற்றினான். இரவு முழுவதும் பக்கத்திலிருந்த ஜெப ஸ்தலத்தில் அவள் அழுது ஜெபித்துக்கொண்டிருக்க, அவன் கப்பலேறிவிட்டான். விடிந்து பார்த்தால் மகன் இல்லை.

அந்த இரவு அவள் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பயணம்தான் அவனை மிலான் நகரத்துக்கும், அங்கே ஆம்புரோஸ் பேராயரின் பிரசங்கத்துக்கும் கொண்டுபோனது. 387 ஈஸ்டரில் அவன் ஞானஸ்நானம் பெற்றான், வயது 32. மோனிக்காவும் பின்னாலேயே கடல் தாண்டிப் போயிருந்தாள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு அதே வருஷம் கண்ணை மூடினாள். பிற்பாடு மகனே எழுதினான்: அந்த இரவு தாய் கேட்டதைத் தேவன் கொடுக்காமல் விட்டது, அவள் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததைக் கொடுப்பதற்காகத்தான்.

உங்கள் மகனுக்கும் இப்படியே நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. நான் தேவனில்லை. ஆனால் தூத்துக்குடிக்குப் போனான் என்பதை வைத்து அவர் கேட்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: குடிநோய்க்கு வைத்தியம் உண்டு, மறுவாழ்வு மையங்கள் உண்டு. அவனை அங்கே கூட்டிக்கொண்டு போவது விசுவாசக் குறைவாகாது. ஜெபித்துக்கொண்டே கூட்டிக்கொண்டு போங்கள்.

சொத்து விஷயத்தில் அண்ணனோடு பேச்சு வார்த்தை இல்லை. தப்பு அவர் மேல்தான். அதற்கும் என் ஜெபத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று” நினைவு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டவர். யார் மேல் தப்பு என்று அங்கே விசாரிக்கவே இல்லை. பாகப்பிரிவினையை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் போய் அண்ணி கையால் ஒரு காப்பி வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள்.

முட்டுவலி. முழங்காற்படியிட முடியவில்லை. படுத்தபடியே ஜெபிக்கலாமா?

தாராளமாக. டோனாவூரில் மிஷனரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் அறையை விட்டு வெளியே வர முடியாமல்தான் இருந்தார். அந்த இருபது வருஷ ஜெபம் படுக்கையில் செய்த ஜெபம்தான்.

என் மனைவி இறந்து ஏழு மாதம். ஜெபிக்க வாயைத் திறந்தால் கோபம்தான் வருகிறது. தேவன் மேல் கோபப்படுகிறவன் அவரை நேசிக்கிறான் என்று எப்படிச் சொல்வது?

ஐயா, உங்களுக்குப் பதில் எழுதத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

88-ஆம் சங்கீதத்தைத் தெரியுமா? மற்ற புலம்பல் சங்கீதங்களில் கடைசியில் எங்கேயாவது ஒரு வெளிச்சம் வந்துவிடும். இதில் வராது. பதினெட்டு வசனமும் இருட்டு. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக்கிவிட்டீர் என்ற குற்றச்சாட்டோடு நின்றுவிடுகிறது. துதியே கிடையாது. ஆனாலும் அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துப் போடவில்லை. தொடக்கத்தில் மட்டும் “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்று சங்கீதக்காரன் கூப்பிடுகிறான். கோபத்தை வேறு யாரிடமும் கொண்டுபோகாமல் அவரிடமே கொண்டுபோகிறான். அதை நான் அன்பு என்றுதான் சொல்வேன்.

வார்த்தை வராத நேரத்தில் ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. நீங்கள் இப்போது விடுகிற பெருமூச்சும் வீணாகாது.

இன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் மனைவியின் பெயரையும் சொல்லுங்கள். ஆமென் சொல்ல மனம் வராவிட்டால், சொல்லாமலே எழுந்துவிடுங்கள். நாளைக்கும் வாசியுங்கள்.