வியர்த்ததா, வியர்க்கவில்லையா?

வாசகர் கேள்வி பதில்: சளிக்கும் குளிர்க்காய்ச்சலுக்கும் சீனக் கஷாயங்கள்

கேள்வி: எனக்கும் என் கணவருக்கும் ஒரே வாரத்தில் சளிக்காய்ச்சல் கண்டது. எங்கள் தெருவிலுள்ள சீன மருந்துக்கடைச் சின்சே (சீன மருத்துவர்) எனக்கு ஒரு கஷாயப் பொட்டலமும் அவருக்கு வேறொன்றும் கட்டித் தந்தார். என்னை மருந்து குடித்த கையோடு சூடான கஞ்சி குடித்துவிட்டுப் போர்த்திப் படுக்கச் சொன்னார். அவருக்குக் கஞ்சி தேவையில்லை என்றார். ஒரே சளிக்கு எதற்காக இரண்டு மருந்து?
(வாசகி, பினாங்கு)

பதில்: உங்கள் இருவரிடமும் சின்சே முதலில் என்ன கேட்டார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெரும்பாலும் "வியர்க்கிறதா?" என்றே கேட்டிருப்பார். சீன மருத்துவத்தில் சளிக்காய்ச்சலின் தொடக்க நிலையை இரண்டாகப் பிரிப்பது அந்த ஒரு கேள்விதான். காய்ச்சல், தலைவலி, குளிர், தொட்டவுடன் மேலோட்டமாகத் தட்டுப்படும் நாடி ஆகியவை இருவருக்கும் பொதுவாக இருக்கலாம். ஆனால் ஒருவருக்கு வியர்வை கசிந்துகொண்டே இருக்கும். காற்றுப் பட்டாலே கூசும். மற்றவருக்கு உடம்பு முழுவதும் அடித்துப் போட்டாற்போல் வலிக்கும்; மூச்சு இரைக்கும்; ஒரு துளி வியர்வையும் வராது. முதலாமவருக்கு உரிய கஷாயத்தின் பெயர் குய்ஜி தாங்; இரண்டாமவருக்கு உரியது மாஹுவாங் தாங். பொட்டலங்களைப் பார்க்காமல் உறுதி கூற இயலாதென்றாலும், கஞ்சி பற்றிய குறிப்பை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதலாவது வகையாகவும் உங்கள் கணவருடையது இரண்டாவது வகையாகவும் இருக்கக்கூடும்.

குய்ஜி தாங்கில் சேர்பவை ஐந்தே சரக்குகள்: சீனக் கருவாமரத்தின் இளங்கிளை, பியோனிச் செடியின் வேர், பச்சை இஞ்சி, சீன இலந்தைப்பழம், வறுத்துப் பதப்படுத்திய அதிமதுரம். மூலநூலில் (அதன் பெயரும் கதையும் அடுத்த பதிலில்) கிளையும் வேரும் இஞ்சியும் மும்மூன்று 'லியாங்' (அக்கால எடை அளவு), அதிமதுரம் இரண்டு, இலந்தை பன்னிரண்டு பழம் என்று அளவு தரப்பட்டுள்ளது. இவற்றை ஏழு 'ஷெங்' தண்ணீரில் மெல்லிய தீயில் மூன்றாகச் சுண்டக் காய்ச்சி, அதில் ஒரு பங்கைக் குடிக்க வேண்டும். ஒரு ஷெங் என்பது ஏறத்தாழ 200 மில்லிலிட்டர். மருந்து குடித்துச் சிறிது நேரம் கழித்துச் சூடான நீர்த்த அரிசிக்கஞ்சி குடிக்கவும், இரண்டு மணி நேரம் போர்த்திக்கொண்டு படுக்கவும், உடம்பெல்லாம் மெல்ல ஈரம் பூக்கும் அளவுக்கு மட்டும் வியர்வையை வரவிடவும், அது ஓடையாக வழிந்தால் நோய் நீங்காது என்று கவனமாக இருக்கவும் அந்நூல் அறிவுறுத்துகிறது. ஒரு வேளையிலேயே குணம் தெரிந்தால் மீதிக் கஷாயத்தைக் குடிக்கக் கூடாது. ஆகவே கஞ்சியை வெறும் பத்தியம் என்று கருதிவிடாதீர்கள். ஏற்கெனவே வியர்த்துச் சோர்ந்திருப்பவருக்கு இன்னும் சிறிது வியர்க்க வேண்டுமானால் அதற்கான ஈரத்தையும் தெம்பையும் வயிற்றின் வழியாக முதலில் தந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மாஹுவாங் தாங்கில் சேரும் மாஹுவாங் (எபெட்ரா செடியின் தண்டு) தானாகவே வியர்வையை வலிந்து வரவழைக்கும் சரக்கு என்பதால், அந்தக் கஷாயத்துக்குக் கஞ்சித் துணை தேவையில்லை என்று அதே நூல் கூறுகிறது.

அதே நூல் ஓரிடத்தில், குடிப்பழக்கம் உள்ளவருக்குக் குய்ஜி தாங் தர வேண்டாம், அவருக்கு இனிப்பு ஒத்துக்கொள்ளாமல் வாந்தி வரும் என்கிறது. நோயாளிகளின் அருகில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் இப்படி எழுத வரும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கேள்வி: இந்தக் கஷாயங்கள் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானவை என்று விளம்பரங்களில் படிக்கிறேன். உண்மையா? மூலநூல் எது?
(வாசகர், மதுரை)

பதில்: இரண்டாயிரம் என்பது சற்றுத் தாராளம்; 1,800 ஆண்டுகள் என்றால் சரியாக இருக்கும். நூலின் பெயர் 'ஷாங்ஹான் லுன்', அதாவது குளிர்த் தாக்கத்தால் வரும் நோய்களைப் பற்றிய ஆய்வுரை. இயற்றியவர் ஹான் பேரரசு சரிந்துகொண்டிருந்த காலத்தில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங். தம் குடும்பக் கிளையில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இருந்தனர் என்றும், 196இல் தொடங்கிய ஜியன்ஆன் ஆட்சிக்காலத்தின் முதல் பத்தாண்டு முடிவதற்குள் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டனர் என்றும், மாண்டவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் கொண்டுபோனது இந்தக் குளிர்நோயே என்றும் நூலின் முன்னுரை கூறுகிறது. ஆகவே இதைத் தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் எழுதிய கைவைத்திய நூலாக எண்ணிவிடக் கூடாது. கொள்ளைநோய்க்கு நடுவே எழுந்த நூல் இது. 'ஷாங்ஹான்' என்ற அதே சொல் இன்றைய சீன மொழியில் டைபாய்டு காய்ச்சலைக் குறிப்பதால், அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர்கள் இடறி விழுவதும் உண்டு.

மூலச்சுவடி போர்க்காலத்தில் சிதறிப்போனது. மூன்றாம் நூற்றாண்டில் வாங் ஷூஹே என்ற மருத்துவர் எஞ்சியதைத் தொகுத்தார். சோங் அரசவையின் நூல் திருத்தும் அலுவலகம் 1065இல் அதைச் செப்பனிட்டு அச்சேற்றியது. இன்று நாம் படிப்பது அந்தப் பதிப்பின் வழிவந்தது. அளவுகளில் ஒரு சிக்கலும் உண்டு. ஹான் காலத்து லியாங் ஒன்று ஏறத்தாழ 14 அல்லது 15 கிராம். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் லி ஷிஜென் பழைய ஒரு லியாங்குக்குத் தம் காலத்து ஒரு 'சியன்' (லியாங்கில் பத்தில் ஒரு பங்கு) போதும் என்று எழுதினார். அதைப் பின்பற்றி இன்றைய பாடநூல்கள் ஒரு லியாங்கை 3 கிராமாகக் கொண்டு கருவாக்கிளை 9 கிராம் என்று எழுதுகின்றன. ஏறத்தாழ ஐந்து மடங்கு வேறுபாடு! "மூலநூலில் உள்ளபடியே" என்று விற்கப்படும் பொட்டலத்தில் எந்தக் கணக்கு பின்பற்றப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சளிக்கு நல்லது என்று இணையத்தில் மாஹுவாங் வாங்கலாமா? எனக்கு வயது 58. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம், ஐயா. மாஹுவாங் என்பது எபெட்ரா செடியின் தண்டு. அதிலிருந்து எபெட்ரின் என்ற பொருளை ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகாயோஷி 1885இல் பிரித்தெடுத்தார். பெய்ஜிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் சென் கோ குயியும் கார்ல் ஷ்மிட்டும் 1920களில் அதன் செயலை ஆராய்ந்து வெளியிட்ட பிறகு, மேலை மருத்துவம் அதை ஆஸ்துமாவுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. அது மூச்சுக்குழாயை விரிக்கும், மூக்கடைப்பைத் திறக்கும். இதயத்தை விரைவாக அடிக்கவைக்கும், இரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை உயர்த்தும். நன்மையும் தீமையும் ஒரே செயலிலிருந்து வருபவை என்பதால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வழியில்லை. உடல் இளைப்பதற்கும் ஊக்கத்துக்கும் என்று அமெரிக்காவில் இது துணையுணவாக விற்கப்பட்டு, மாரடைப்பும் பக்கவாதமும் நேர்ந்த பின்னர், 2004இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அத்தகைய துணையுணவுகளைத் தடை செய்தது. அழுத்தம், இதயநோய், தைராய்டு மிகைப்பு, புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைப்பு ஆகியவை உள்ளவர்கள் இதை அண்டவே கூடாது.

ஜாங் ஜோங்ஜிங்கும் இதைக் கண்டவர்க்கெல்லாம் தந்துவிடவில்லை. தொண்டை வறண்டவர், அடிக்கடி மூக்கில் இரத்தம் வடிபவர், இரத்தம் இழந்தவர், ஏற்கெனவே வியர்த்துக் களைத்தவர் ஆகியோரை வியர்க்கவைக்கக் கூடாது என்று வரிசையாக விலக்குகள் எழுதிவைத்திருக்கிறார். கஷாயத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு விலக்குகளை விட்டுவிடுவது இணைய வணிகத்தின் வேலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கஷாயங்கள் பலவற்றில் சேரும் அதிமதுரமும் தொடர்ந்து குடித்தால் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, அழுத்தத்தை ஏற்றும். உங்களைப் போன்றவர்கள் அதை நாள்கணக்கில் குடிப்பதும் நல்லதன்று.

கேள்வி: தொண்டைவலியும் காய்ச்சலும் வந்தபோது தோழி ஒருத்தி 'யின் சியாவ்' மாத்திரை தந்தாள். இதுவும் அதே பழைய நூலில் உள்ளதா?
(வாசகி, சிங்கப்பூர்)

பதில்: இல்லை, அந்த நூலோடு வாதாடிப் பிறந்த மருந்து இது. தெற்குச் சீனத்தின் வெப்பமும் ஈரமும் நிறைந்த ஊர்களில் காய்ச்சல் கண்டவர்களுக்குக் குளிர் குறைவாகவும் தொண்டைவலியும் தாகமும் மிகுதியாகவும் இருப்பதைக் கண்ட மருத்துவர்கள், இவர்களுக்கு உடலைச் சூடாக்கும் கருவாக்கிளையைத் தருவது எரிகிற அடுப்பில் விறகு செருகுவதாகும் என்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் யே தியன்ஷி என்ற மருத்துவர் வளர்த்த இந்தச் சிந்தனையைப் பின்னர் வூ ஜூதொங் நூலாக ஒழுங்குபடுத்தினார். அதில் இடம்பெற்றதே 'யின் சியாவ் சான்'. ஹனிசக்கிள் மலரும் போர்சித்தியாக் காயும் இதில் தலைமைச் சரக்குகள். புதினா வகை ஒன்றும், பர்டாக் விதையும், புளிக்கவைத்த சோயா மொச்சையும், அதிமதுரமும், வேறு சிலவும் துணை. நாணல் வேர்த் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, வாசனை கமகமவென்று எழுந்த உடனே இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் காய்ச்சக் கூடாது. நம் கஷாய முறையில் எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சிப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். வாசனையில்தான் மருந்து இருக்கிறது என்ற எண்ணம் அது. புதினாவின் ஆவியாகும் எண்ணெயை நினைத்தால் அதில் நியாயமும் இருக்கிறது. அந்த வாசனை எவ்வளவு தூரம் மாத்திரையில் மிஞ்சும் என்பதை நீங்களே முகர்ந்து முடிவுசெய்துகொள்ளலாம்.

கேள்வி: எல்லாம் சரி, இவை வேலை செய்கின்றனவா? நேராகச் சொல்லுங்கள்.
(வாசகர், திருச்சிராப்பள்ளி)

பதில்: நேராகவே சொல்கிறேன். சாதாரணச் சளி பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே அகன்றுவிடும். ஆகவே "குடித்தேன், போயிற்று" என்ற அனுபவம் எதையும் மெய்ப்பிக்காது. சீனக் கஷாயங்களைச் சளிக்குச் சோதித்த ஆய்வுகள் பல நடந்திருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை தரத்தில் நலிந்தவை.

ஓரளவு கவனமாக நடந்த ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டின் எச்1என்1 காய்ச்சலால் கடுமையின்றிப் பாதிக்கப்பட்ட 410 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்துச் சீன மருத்துவமனைகளில் ஆய்வு நடத்தி, 2011இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் வெளியிட்டனர். காய்ச்சல் இறங்குவதற்கான இடைநிலை நேரம், மருந்து தராதவர்களுக்கு 26 மணி, ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து சாப்பிட்டவர்களுக்கு 20 மணி, மாஹுவாங்கும் யின் சியாவ் சரக்குகளும் கலந்த கஷாயம் குடித்தவர்களுக்கு 16 மணி, இரண்டையும் சேர்த்துக் குடித்தவர்களுக்கு 15 மணி. குறிப்பிடத்தக்க முடிவுதான். ஆனால் மருந்துச் சரக்கே இல்லாத வெற்று மருந்தைத் தந்து ஒப்பிடவில்லை. தாங்கள் குடிப்பது இன்னது என்று எல்லோருக்கும் தெரியும். கிடைத்த லாபமும் காய்ச்சலில் சில மணி நேரமே.

இதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு நெருடல் உண்டு. வியர்த்தவர், வியர்க்காதவர், தொண்டை வறண்டவர் என்று பிரிப்பதே இந்த மருத்துவத்தின் உயிர்நாடி. ஆனால் ஆய்வில் எல்லோருக்கும் ஒரே கஷாயம். அப்படிப் பிரிக்காமல் கொடுப்பதன் விலையை ஜப்பான் பார்த்திருக்கிறது. ஷாங்ஹான் லுன்னில் குளிரும் காய்ச்சலும் மாறி மாறி வருபவர்களுக்கு, வாய் கசந்து விலா கனக்கும் நிலையில் சொல்லப்பட்ட 'சியாவ் சாய்ஹூ தாங்' கஷாயத்தை, அங்கு நாட்பட்ட கல்லீரல் அழற்சி என்ற நோய்ப்பெயரை மட்டும் பார்த்துத் திரளான நோயாளிகளுக்கு எழுதித் தந்தனர். சிலருக்கு நுரையீரல் திசு அழற்சி ஏற்பட்டது. கல்லீரல் அழற்சிக்குப் போடும் இன்டர்பெரான் ஊசியோடு சேர்த்துத் தருவதற்கு முதலில் தடை வந்தது. பத்துப் பேர் இறந்த செய்தியை வெளியிட்டு 1996இல் சுகாதார அமைச்சகம் அவசர எச்சரிக்கை விடுத்தது. அது மூலிகைதானே என்ற நினைப்போடு இருப்பவர்கள் இதை மறக்கலாகாது.

மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் ஆகியவற்றுக்குக் கஷாயம் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: குய்ஜி தாங்கின் சரக்குகள் எல்லாம் நம் அஞ்சறைப்பெட்டியிலும் நாட்டு மருந்துக்கடையிலும் கிடைப்பவை போல இருக்கின்றனவே. பிரியாணிப் பட்டையைப் போட்டு வீட்டிலேயே காய்ச்சலாமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இஞ்சியும் அதிமதுரமும் நம்மிடம் உள்ளவையே. இலந்தை உறவுக்காரப் பழம்தான், ஆனால் வேறு இனம். நம் ஊர் இலந்தை புளிக்கும், சீனத்தது காய்ந்த பேரீச்சை போல இனிக்கும். பியோனி வேருக்கு இங்கே ஈடு இல்லை. பட்டையில்தான் பெரிய வேறுபாடு: இலங்கைக் கருவாப்பட்டை ஓர் இனம், சீனத்துக் காசியா மற்றோர் இனம், அந்தச் சீன மரத்திலும் குய்ஜி என்பது விரல் பருமன்கூட இல்லாத இளங்கிளை. அதே மரத்தின் தடித்த பட்டைக்கு அவர்கள் 'ரோகுய்' என்று வேறு பெயரிட்டு, அதை உடலின் உள்ளே ஆழ்ந்த குளிருக்கு என்று ஒதுக்கிவைத்துள்ளனர். மேல்தோலில் வியர்வை பூக்கவைக்க அதைப் பயன்படுத்துவதில்லை. உங்கள் பிரியாணிப் பட்டையில் காய்ச்சுவது சுவையான இஞ்சித் தண்ணீராக இருக்கும். குய்ஜி தாங்காக இராது. அதைக் குடித்துவிட்டுக் கஞ்சியும் குடித்துப் போர்த்திப் படுத்துக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை.