ஏட்டின் பின்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள்: ஐரோப்பியச் சித்திரச் சுவடிகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், கையால் எழுதிப் படம் வரைந்த இந்தப் பழைய ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் மியூசியத்தில் இருப்பவை அல்லவா? நம்மைப் போன்றவர்கள் வாங்கவும் முடியுமா?

முடியும். முழுப் புத்தகம் என்றால்தான் வீட்டை விற்க வேண்டியிருக்கும். ஹென்றி தி லயன் என்ற ஜெர்மானியப் பிரபுவுக்காக 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நற்செய்தி நூல், 1983இல் லண்டன் ஏலத்தில் 81 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. ஆனால் 15ஆம் நூற்றாண்டு ஜெபப் புத்தகத்தின் ஓர் ஏடு, படமில்லாமல், தங்கம் வைத்த முதலெழுத்து இரண்டு மூன்றோடு, சில நூறு பவுண்டுக்கே கிடைக்கிறது. பொழுதுக்கொரு ஜெபம் சொல்ல வசதியுள்ளவர்கள் வீட்டில் வைத்திருந்தது 'புக் ஆஃப் அவர்ஸ்'. பாரிஸ், ரூவான், ப்ரூஜ் ஊர்ப் பட்டறைகளில் ஏராளமாகச் செய்தார்கள். அதனால்தான் இந்த விலை.

கேள்வி: 'வெல்லம்' என்கிறார்களே, அது காகிதமா தோலா?

தமிழில் அப்படி எழுதினால் மளிகைக் கடைக்குப் போய்விடுவோம், தோல்தாள் என்றே சொல்கிறேன். கன்று, ஆடு, செம்மறித் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுரண்டிக் காயவைப்பார்கள். செருப்புத் தோல்போலப் பதனிடுவதில்லை. சாய்த்துப் பிடித்தால் சில ஏடுகளில் மயிர்க்கால் புள்ளிகள் தெரியும்.

கேள்வி: இந்தப் படங்களை மினியேச்சர் என்கிறார்களே, குட்டிப் படம் என்றுதானே பொருள்?

இல்லை. 'மினியம்' என்பது ஈயச் சிந்தூரத்துக்கு லத்தீன் பெயர். அந்தச் சிவப்பால் எழுதுவதையும் வரைவதையும் குறித்த சொல் அது. அளவுக்குச் சம்பந்தமே இல்லை. படங்கள் சிறிதாக இருந்ததால் பொருள் பிற்பாடு மாறிக்கொண்டது.

கேள்வி: அண்ணா, ஏலத்தில் ஒரு ஏடு பார்த்தேன். படம் பளபளவென்று புதிதுபோல இருக்கிறது. போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பளபளப்பை வைத்துச் சொல்ல முடியாது தம்பி. மூடிய புத்தகத்துக்குள் ஐந்நூறு வருஷம் வெளிச்சம் படாமல் இருந்த படம் புதிதாகத்தான் இருக்கும். படத்தை விடுங்கள், முதலில் எழுத்தைப் படியுங்கள்.

நானே ஏமாந்தவன். ஒரு வியாபாரியிடம், பெயர் வேண்டாம், குழந்தை இயேசுவுக்கு மூன்று ராஜாக்கள் காணிக்கை தரும் படத்தை ஆசையாக வாங்கினேன். வீட்டுக்கு வந்து படத்தின் கீழே இருந்த வரிகளை எழுத்துக்கூட்டினால், இறந்தோருக்கான ஜெபத்தின் நடுப்பகுதி! இந்தப் புத்தகங்களில் எந்த ஜெபத்துக்கு எந்தப் படம் என்பதற்குப் பெரும்பாலும் ஒரு வழக்கம் உண்டு. மாதாவுக்கான ஜெபங்களில் முதலாவதற்குக் கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சி வரும். மூன்று ராஜாக்கள் நண்பகல் ஜெபத்துக்கு. பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப சங்கீதங்களுக்குத் தாவீது ராஜா. சாவு ஜெபத்தின் நடுவில் ராஜாக்களுக்கு என்ன வேலை? லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பாதிப் பக்க எழுத்தைச் சுரண்டிவிட்டுப் படம் போட்டிருக்கிறார்கள். சுரண்டிய இடத்தில் தோல் பஞ்சுபோலக் கிளம்பியிருந்தது, ஓரிடத்தில் பழைய மையின் மேலேயே வண்ணம் ஏறியிருந்தது. தோல் அசல், எழுத்து அசல், படம் மட்டும் பொய்.

இந்த வித்தையில் பெரிய ஆள் 'ஸ்பானிஷ் ஃபோர்ஜர்', அதாவது ஸ்பெயின் போலிக்காரர். நிஜப் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும், அநேகமாகப் பாரிஸில், வேலை செய்தவர். 1930இல் நியூயார்க் மோர்கன் நூலகத்தின் இயக்குநர் பெல் டா கோஸ்டா கிரீன் அவரை அடையாளம் கண்டு அந்தப் பெயரை வைத்தார். பழைய பாடகர் சுவடிகளின் ஏட்டைச் சுரண்டி அதன்மேல் வரைவார். திருப்பிப் பார்த்தால் இசைக் குறிகள் அப்படியே இருக்கும். முகங்கள் எல்லாம் ஒரே கொஞ்சல், பெண்களின் கழுத்து வெட்டு இடைக்காலத்துக்குக் கொஞ்சம் தாராளம். அவருடைய பச்சையில் செம்பும் ஆர்செனிக்கும் கலந்திருப்பது சோதனையில் தெரிந்தது. 1775க்கு முன் அப்படியொரு நிறமியே கிடையாது. இன்று அவருடைய போலிகளையே தேடி வாங்குகிறார்கள், நல்ல விலைக்கு!

கேள்வி: வரைந்தது எல்லாம் துறவிகளா? பெண்கள் உண்டா?

12ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு பெரும்பாலும் ஊர்ப் பட்டறை ஆட்கள். பெண்களும் உண்டு. ஜெர்மனியில் டால்ஹைம் கன்னியர் மடத்தில் புதைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் பற்காரையில் நீலத் துகள்கள் இருந்ததை ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து போன லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல்லின் பொடி. தூரிகையின் முனையை நாவால் கூர் செய்திருக்க வேண்டும் என்பது அவர்கள் ஊகம். தங்கத்துக்கு நிகராக மதித்த நிறத்தை ஒரு கன்னியாஸ்திரீ கையில் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்.

கேள்வி: தனி ஏடு வாங்குவது, புத்தகத்தைக் கிழிப்பவனுக்குக் கூலி கொடுப்பதுபோல் ஆகாதா?

சில சமயம் ஆகும். அமெரிக்காவில் கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஓட்டோ எகே, 1951இல் இறந்தவர், சுவடிகளைப் பிரித்து ஏடு ஏடாக விற்றார். முழுப் புத்தகம் வாங்க முடியாத பள்ளிகளுக்கும் ஒரு ஏடாவது போய்ச் சேரட்டும் என்பது அவர் நியாயம். எனக்கு அது ஒப்பவில்லை. அவர் சிதறடித்ததை ஆய்வாளர்கள் இன்று திரையில் ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பல பத்தாண்டுகளுக்கு முன்பே பிரிந்த ஏடு என்று பழைய ஏலப் பட்டியல், ரசீது ஏதாவது இருந்தால் வாங்குகிறேன். ஒரே புத்தகத்தின் ஏடுகள் வாரம் ஒன்றாக விற்பனைக்கு வந்தால் அந்த ஆளிடம் போவதில்லை.

கேள்வி: ஒரு ஏட்டைச் சென்னைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். லேமினேஷன் செய்யலாமா?

ஐயோ, வேண்டாம்! சூடு பட்டால் தோல் சுருங்கிவிடும், போனது போனதுதான். ஈரப்பதம் ஏறி இறங்கினாலே அப்பளம்போல வளையும். 50 சதவீதம் ஒட்டி நிலையாக வைத்தால் போதும். அமிலமில்லாத அட்டையில், கண்ணாடி ஏட்டைத் தொடாதபடி சட்டம் போடச் சொல்லுங்கள். பசை, செலோடேப் கூடாது. வெயில் படாத சுவர்.

கேள்வி: முதன்முதலாக வாங்குபவருக்கு எந்த ஏடு?

புனிதர்களின் திருநாட்களை வரிசையாக எழுதிய நாள்காட்டி ஏடு. பெரும்பாலும் படம் இருக்காது, அதனால் மலிவு. ஆனால் புத்தகத்தின் ஊரைச் சொல்லிவிடும். பெரிய திருநாட்களைச் சிவப்பிலோ தங்கத்திலோ எழுதுவார்கள். ஜனவரி 3இல் புனித ஜெனவியேவ் பெயர் பளிச்சென்று இருந்தால் பாரிஸை நினையுங்கள், அக்டோபர் 23இல் புனித ரொமான் என்றால் ரூவான். இங்கிலாந்தில் இருந்த புத்தகமென்றால் நேரே டிசம்பர் 29க்குப் போங்கள். அது தாமஸ் பெக்கெட்டின் நாள், அரசனை எதிர்த்துக் கொல்லப்பட்ட பேராயர் அவர். 1538இல் எட்டாம் ஹென்றி அந்தப் பெயரை எல்லா ஜெபப் புத்தகங்களிலிருந்தும் நீக்கச் சொன்னான். சிலர் தோல் தேயும்வரை சுரண்டியிருப்பார்கள். சிலர் ராஜாவுக்காக மெல்லிசாக ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டு, பெயர் படிக்கும்படியே விட்டிருப்பார்கள்.