அவளிடம் பொய் சொல்லிவிட்டோம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு எட்டு வயது. குறைமாதத்தில் பிறந்தவள். பெருமூளை வாதத்தால் இரண்டு கால்களிலும் தசை இறுக்கம். நுனிக்காலை ஊன்றி, முழங்கால் மடங்கியபடி, சுவரையோ எங்கள் கையையோ பிடித்துக்கொண்டு நடப்பாள். உயரம் கூடக் கூட இறுக்கமும் கூடியது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரே ஆபரேஷனில் குதிகால் தசைநாரையும் முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் தசைநார்களையும் நீட்டி, தொடை எலும்புகளைத் திருப்பித் தகடு வைத்தார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு. இப்போது மருத்துவமனையிலேயே மறுவாழ்வுப் பிரிவில் இருக்கிறோம்.

ஆபரேஷனுக்கு முன்பு அவளிடம், "ஒரு சின்ன ஊசி போடுவாங்க, தூங்கி எழுந்தா நல்லா நடக்கலாம்" என்று சொன்னேன். எழுந்தபோது இரண்டு கால்களிலும் கட்டு. அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அம்மாவிடம் கத்துகிறாள், கையில் கிடைத்ததை எறிகிறாள். ஆனால் பிசியோதெரபியில் வாயே திறக்காமல் சொன்னதைச் செய்கிறாள். நர்ஸ்கள் எல்லோரும் "எவ்வளவு நல்ல பிள்ளை" என்கிறார்கள்.

முன்பு பிடித்துக்கொண்டு நடந்தவள் இன்று நடைப்பயிற்சிக் கம்பிகளுக்கு நடுவே பத்து விநாடி நிற்பதற்குள் வியர்த்துப்போகிறாள். "நான் முன்னாடி நல்லாத்தானே இருந்தேன்?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். கெடுத்துவிட்டோமா என்று மனைவி இரவெல்லாம் அழுகிறாள். சுமார் ஒரு வருடம் கழித்துத் தகடுகளை எடுக்க இன்னொரு ஆபரேஷன் உண்டு. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயது மகன் உறவினர் வீட்டில் இருக்கிறான்.

நீங்களும் சிறு வயதில் கால் ஆபரேஷன் செய்துகொண்டவர் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

ஆர்.

---

அன்புள்ள ஆர்.,

முதலில் உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கெடுத்துவிடவில்லை. பல இடங்களில் ஒரே நேரத்தில் செய்யும் இந்த வகை ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தையின் நடை முதலில் பின்னால்தான் போகும். மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் பார்த்தால் முன்பைவிட மோசமாகத் தெரிவது வழக்கம். பழைய நிலையை எட்டவே ஒரு வருடம் வரை ஆகலாம். முழுப் பலன் என்னவென்று தெரிய இரண்டு வருடம்கூடப் பிடிக்கும். நீங்கள் இருப்பது இரண்டாவது மாதம், பள்ளத்தின் நடுவில்.

ஏன் இப்படி என்று தெரிந்தால் கொஞ்சம் பயம் குறையும். ஆறு வாரம் கட்டுக்குள் கிடந்த தசை மெலிந்திருக்கிறது. நீட்டிய தசைநார் முன்புபோல இழுக்கத் தெரியாமல் பலவீனமாக இருக்கிறது. அதோடு, இத்தனை வருடமாக அவள் அந்த இறுக்கத்தையே ஊன்றுகோலாக வைத்துத்தான் நின்றிருக்கிறாள். இன்று அந்த ஊன்றுகோல் கையில் இல்லை. பாதம் முழுவதும் தரையில் பதிந்து நிற்பதை அவள் உடம்பு முதல்முறையாகக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பத்து விநாடிக்கு அவள் வியர்ப்பதில் ஆச்சரியமே இல்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த ஆபரேஷன் தசையையும் எலும்பையும்தான் திருத்துகிறது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு அப்படியேதான் இருக்கும். வளரும் பருவத்தில் எலும்பு வேகமாக நீளும், இறுக்கமான தசை அதற்கு ஈடுகொடுக்காது. இரவில் ஸ்பிளின்ட் (காலை நீட்டிய நிலையில் பிடித்துவைக்கும் பட்டை) போடுங்கள் என்று சொல்லியிருந்தால் காரணம் அதுதான். அது அவளுக்குப் பிடிக்காது, இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

எனக்கு ஒன்பது வயதில் ஆபரேஷன் நடந்தது. வளைபாதத்தோடு பிறந்தவன், கைக்குழந்தையாக இருந்தபோது சரிசெய்தது மறுபடி திரும்பிக்கொண்டது. "டாக்டரைப் பார்த்துட்டு சாயங்காலம் வந்துடலாம்" என்றுதான் அப்பா என்னைக் கூட்டிப் போனார். கண் விழித்தபோது முழங்காலுக்கு மேல் வரை கட்டு. பக்கத்தில் அப்பா. நான் பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. வலி இருந்தது, ஆனால் அந்த நாட்களில் என்னைத் தின்றது வலி அல்ல. இனி யார் என்ன சொன்னாலும் அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்ற எண்ணம். நர்ஸ் மாத்திரை கொடுத்தால் மயக்கி மறுபடி எங்கேயோ தூக்கிப் போகப் போகிறார்கள் என்று நினைத்து, நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பினேன்.

பன்னிரண்டாவது நாள் அப்பா கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்: "நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். உண்மையச் சொன்னா நீ வரமாட்டியோன்னு பயந்துட்டேன். தப்பு என்னுதுதான்." நான் ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் கேட்டேன், கட்டைப் பிரிக்கும் மிஷின் காலை வெட்டிவிடுமா என்று. பக்கத்துக் கட்டில் பையன் அப்படிச் சொல்லியிருந்தான். அப்பா சும்மா "வெட்டாதுடா" என்று சொல்லியிருக்கலாம். "எனக்குத் தெரியலை, கேட்டுட்டு வரேன்" என்று எழுந்து போனார். திரும்பி வந்து, அந்த மிஷினின் தகடு ரம்பம் மாதிரிச் சுற்றாது, இடமும் வலமும் துடிக்கத்தான் செய்யும், கெட்டியான கட்டை வெட்டும், தோல் அதோடு சேர்ந்து அசைவதால் வெட்டுப்படாது, ஆனால் சத்தம் பெரிதாக இருக்கும், சூடு தெரியலாம் என்றார். கட்டுப் பிரிப்பவரிடம் கேட்டுத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கையை விரித்துக் காட்டினார். அன்று இரவு மாத்திரையை விழுங்கினேன்.

நீங்களும் அந்தக் கட்டிலில் போய் உட்காருங்கள். சுருக்கமாக, காரணங்களை அடுக்காமல் சொல்லுங்கள். அவள் அழுது நீங்கள் சமாதானம் செய்ய வேண்டும் என்றோ, உடனே மன்னிக்க வேண்டும் என்றோ எதிர்பார்க்காதீர்கள். பிறகு அவள் கேள்வி கேட்க ஆரம்பிப்பாள். முதல் கேள்வி உங்களைச் சோதிக்கிற கேள்வியாக இருக்கலாம். "நாளைக்கு வலிக்குமா?" என்று கேட்டால், வலிக்கும் என்றால் வலிக்கும் என்று சொல்லுங்கள். எவ்வளவு நேரம், அதற்கு என்ன மருந்து, நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாததைக் கேட்டுவந்து சொல்லுங்கள்.

அவள் "நல்ல பிள்ளை"யாக இருப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்கவைத்தது அந்த வரிதான். 1950களில் பிரிட்டனில் மருத்துவமனைகள் பெற்றோரை வாரத்துக்குச் சில மணி நேரம்தான் உள்ளே விடும். அம்மா வந்தால்தான் குழந்தைகள் அழுகின்றன, வராவிட்டால் அமைதியாக இருக்கின்றன என்பது அவர்களின் வாதம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் 1952இல், குடலிறக்க ஆபரேஷனுக்காக எட்டு நாள் தனியே இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்துக் காட்டினார். அவர் சொன்னது இது: முதலில் குழந்தை எதிர்த்து அழும், அப்புறம் நம்பிக்கை இழந்து அடங்கும், அதன் பிறகு ஒட்டாமல் போய்விடும். வார்டுக்கு வசதியான அந்த அமைதி குழந்தைக்கு நல்லதில்லை. டாக்டர்களும் நர்ஸ்களும் கோபப்பட்டார்கள். ஆனால் 1959இல் வந்த, பிளாட் என்பவர் தலைமையிலான அரசுக் குழுவின் அறிக்கை, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், சிறு குழந்தைகளோடு அம்மாவும் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. இன்று உங்கள் மனைவி அந்தக் கட்டில் அருகே படுத்திருக்க முடிவதற்குப் பின்னால் அந்தச் சண்டை இருக்கிறது.

உங்கள் மகளுக்கு எட்டு வயது, இரண்டு அல்ல. அவள் தனியாகவும் இல்லை. ஆனாலும் சத்தமில்லாத இடத்தில் கவலைப்படுங்கள், சத்தம் இருக்கும் இடத்தில் நிம்மதி அடையுங்கள் என்பேன். அம்மாவிடம் எறிகிறாள், ஏனென்றால் அம்மா எங்கேயும் போகமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். (மனைவியிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.) பிசியோவிடம் வாய் திறக்காதவள் வலியையும் விழுங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே வலியை அளக்கக் கேளுங்கள். சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகம் வரை ஆறு முகங்கள் வரைந்த அட்டை உங்கள் வார்டில் இருக்கலாம். டோனா வாங், கோனி பேக்கர் என்ற இரு பெண்கள் 1980களில் தீக்காயப் பிரிவில் குழந்தைகளோடு வேலை செய்தபோது உருவாக்கியது. குழந்தைகளையே முகங்கள் வரையச் சொல்லி அதிலிருந்து எடுத்தார்கள். அட்டையில் அவள் காட்டும் முகமும் அவள் முகமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அமைதியான முகத்தோடு அழும் முகத்தைத் தொட்டால் அதை நம்புங்கள். பயிற்சிக்கு எவ்வளவு நேரம் முன்பு வலி மருந்து கொடுத்தால் சரியாக இருக்கும் என்று டாக்டரிடம் பேசி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் பிடிக்கும் நேரத்தில் கால் வெட்டி இழுத்து அலறி எழுந்தால், அது தசைப்பிடிப்பாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு, சாதாரண வலி மாத்திரை போதாது. குறித்துவைத்துச் சொல்லுங்கள். விடிகாலையில் நடந்ததை ரவுண்ட்ஸ் நேரத்தில் நாம் மறந்துவிடுவோம்.

இன்னொரு விஷயம், இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நீங்கள் அவளுக்கு இரண்டாவது பிசியோ ஆகிவிடாதீர்கள். வீட்டுக்குப் போன பிறகு காலை நீட்டும் வேலை உங்களுக்கு வரும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு நேரம், ஒரு பாய், ஒரு முடிவு இருக்கட்டும். மற்ற நேரத்தில் நீங்கள் பக்கத்தில் வந்தால் கதை சொல்லத்தான் வருகிறீர்கள், காலைப் பிடிக்க வரவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அப்புறம், மறுக்க முடியாத விஷயத்தை "செய்யலாமா?" என்று கேட்காதீர்கள். அதுவும் ஒருவகைப் பொய்தான். நிற்கத்தான் வேண்டும், ஆனால் முதலில் நிற்பதா நீட்டுவதா, எண்ணுவது நீயா நானா என்று கேளுங்கள். இரண்டு மாதமாக அவள் உடம்பில் எதுவும் அவளைக் கேட்டு நடக்கவில்லை.

கதை என்றதும் நினைவுக்கு வருகிறது. வில்லியம் லிட்டில் என்ற ஆங்கிலேய மருத்துவர் சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கால் கோணலானவர். 1836இல் ஜெர்மனியில் ஸ்ட்ரோமேயர் என்ற மருத்துவர் அவருடைய குதிகால் தசைநாரை வெட்டிச் சரிசெய்தார். லிட்டில் ஊர் திரும்பி, உங்கள் மகளைப் போன்ற குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார். இந்த நிலைக்கே வெகுகாலம் "லிட்டில் நோய்" என்றுதான் பெயர். தன் குதிகாலில் நடந்தது ஒரு டாக்டருக்கும் நடந்திருக்கிறது என்பது எட்டு வயதில் பெரிய செய்தி. எனக்கு யாரும் சொல்லவில்லை.

மகனை மறந்துவிடாதீர்கள். பன்னிரண்டு வயதுக்காரனுக்கு என்ன நடக்கிறது என்று முழுதாகத் தெரியாவிட்டால் தானே கற்பனை செய்துகொள்வான். அவனை வார்டுக்குக் கூட்டி வந்து, தங்கை கம்பிகளுக்கு நடுவே நிற்பதைப் பார்க்க விடுங்கள். அவள் சம்மதம் கேட்டுவிட்டு.

தகடு எடுக்கும் ஆபரேஷனைப் பற்றி. இன்றே உட்காரவைத்து விளக்கத் தேவையில்லை. ஆனால் "இன்னொரு ஆபரேஷன் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். வார்டில் யாராவது வாய்தவறிச் சொல்லி அவளுக்குத் தெரியவந்தால், நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து சொன்னதெல்லாம் அந்த நிமிடமே போய்விடும். ஆகவே இந்த மாதத்துக்குள், அவள் கொஞ்சம் நன்றாக இருக்கும் ஒரு நாளில் நீங்களே சொல்லுங்கள்: காலுக்குள் தகடு இருக்கிறது, எலும்பு சேர்ந்ததும் அதை எடுப்பார்கள், அது இதைவிடச் சின்ன ஆபரேஷன், நாள் குறித்ததும் முதலில் உன்னிடம் சொல்வேன். எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்கித் தகட்டையும் திருகாணிகளையும் காட்டுங்கள். திருகாணிகளை அவளே எண்ணட்டும்.

அவள் என்ன கேட்டாள் என்று எழுதுங்கள். அவள் சம்மதித்தால்.

அன்புடன்.