ஆறு முட்டை கிடைத்தும் கரு உருவாகவில்லை: குறை எருமையிடமா, ஆய்வகத்திடமா?

கேள்வி: எங்கள் முர்ரா எருமை கன்று ஈன்று 50 நாள் ஆகிறது, நன்றாகக் கறக்கிறது. ஆய்வகத்தில் கரு உருவாக்குவதற்காகக் கடும் கோடையில் அதனிடம் ஊசி வழியாக முட்டை எடுத்தார்கள். கிடைத்தவை 6, தேறியவை 3. விந்துடன் சேர்த்தபின் 2 பிளந்து செல் பெருகத் தொடங்கின. ஒன்றுகூட முழுக் கருவாகவில்லை. அன்றே ஒரு பசுவிடம் 20 முட்டை கிடைத்தது. எருமையை மாற்றுவதா, ஆய்வகத்தை மாற்றுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம். பசுவோடு ஒப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். பசுவின் சினைப்பைகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் முட்டைகள் இருப்பில் இருக்கும். எருமைக் கிடாரிகளில் எண்ணிப் பார்த்தபோது பத்தாயிரம் முதல் இருபதாயிரம் வரைதான் தெரிந்தது. அதிலும் பெரும்பகுதி வளரும்போதே சிதைந்துவிடும். ஆகவே, ஒரே தடவையில் ஆறு கிடைத்தது எருமைக்கு நல்ல எண்ணிக்கைதான்.

அந்த ஆறில் மூன்று ஏன் தேறவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. முட்டையைச் சுற்றிப் பல அடுக்காக ஊட்டச் செல்கள் ஒட்டியிருக்க வேண்டும். உள்ளிருக்கும் கூழ் சீராக இருக்க வேண்டும். போர்வை கழன்ற முட்டையும், கூழ் திட்டுத்திட்டாக இருப்பதும் கழிக்கப்படும். எருமை முட்டையில் கொழுப்பு மிகுதி என்பதால் நுண்ணோக்கியில் அது இயல்பாகவே கருமையாகத் தெரியும். நிறத்தை மட்டும் பார்த்துக் கழித்தால் நல்ல முட்டையும் போய்விடும்.

முட்டையின் தரம் ஊசி குத்தும் அன்று உண்டாவதில்லை. உறங்கிக் கிடந்த முட்டை விழித்து வளர்ந்து முற்ற மாதக்கணக்கில் ஆகும். உங்கள் எருமைக்கு அந்த மாதங்கள் எப்படிப் போயின? சினையின் கடைசிக் கட்டம், ஈற்று, தின்பதைவிடக் கறப்பது அதிகமாகி உடம்பு உருகும் நாட்கள், போதாததற்கு வெயில். எருமைக்குக் கறுத்த தோல், குறைந்த வியர்வைச் சுரப்பிகள். சூட்டை எளிதில் தணிக்க முடியாது. அந்தச் சூடு முட்டையையும் தாக்கும். வெயில் தணிந்தாலும் முட்டையின் தரம் உடனே மீளாது. எருமை பகல் குறையும் பருவத்தில் நன்றாகச் சினைக்கு வரும் விலங்கு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கோடையில் முட்டை எடுக்கவே அனுப்பியிருக்க மாட்டேன்.

இனி ஆய்வகம். முட்டையை 38.5 டிகிரி செல்சியஸில், 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றில் 22 முதல் 24 மணி நேரம் முதிரவைத்து, பிறகு விந்தணுவுடன் சேர்ப்பார்கள். கரு ஏறக்குறைய ஏழாம் நாளில், சுமக்கப்போகும் எருமையின் கருப்பைக்கு மாற்றத் தயாராகும். திறமையான கைகளிலும் பத்து நல்ல முட்டைக்கு இரண்டு மூன்று கருக்கள்தான் தேறும். உங்களிடம் இருந்ததே மூன்று. அதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று கேளுங்கள்: அன்று மற்ற எருமைகளின் முட்டைகள் என்னவாயின? எல்லாமே நின்றுபோயிருந்தால் முட்டையும் கருவும் வளரும் ஊட்டத் திரவத்தையோ இன்குபேட்டரையோ ஐயுறலாம். நல்ல முட்டை பிளக்கவே இல்லை என்றால் விந்தணுவைப் பாருங்கள். பண்ணையில் நன்றாகச் சினை பிடிக்கவைக்கும் காளையின் உறைவிந்துகூட ஆய்வகத் தட்டில் சோடை போவதுண்டு. பிளந்தபின் எட்டு முதல் பதினாறு செல் நிலையில் நின்றுபோனால், அது கரு தன் சொந்த மரபணுக்களை இயக்கத் தொடங்கும் கட்டம். அதுவரை முட்டையின் சேமிப்பில்தான் வண்டி ஓடும். உங்களுடைய இரண்டும் எந்த நிலையில் நின்றன என்று கேட்டு எழுதிவையுங்கள்.

அடுத்த தடவைக்கு அவசரம் வேண்டாம். எருமை இழந்த உடம்பைத் திரும்பப் பிடிக்கட்டும். பசுந்தீவனமும் தாது உப்புக் கலவையும் தவறாமல் கொடுங்கள். நிழலும் குளிக்க நீரும் இருக்கட்டும். வெயில் தணிந்து இரண்டு மாதம் கழித்து, ஒரே தடவையோடு நிறுத்தாமல் நான்கைந்து தடவை எடுத்துக் கூட்டுக்கணக்குப் பாருங்கள். ஆய்வகக் கருவூட்டலில் உலகின் முதல் எருமைக் கன்று 1990இல் ஹரியானாவின் கர்னாலில் பிறந்தது. இன்றும் முட்டைப் பற்றாக்குறைதான் இந்தத் துறையின் பெரிய தலைவலி.

கரு கிடைத்தால் உறையவைக்காமல் அப்படியே மாற்றச் சொல்லுங்கள். கொழுப்பு மிகுந்த கரு குளிரைத் தாங்குவது கடினம். அதற்குக் கருவைச் சுமக்கும் எருமை அதே நாள் கணக்கில் பருவத்துக்கு வந்திருக்க வேண்டும். எருமைக்கு ஊமைப் பருவம், அதாவது வெளியே அறிகுறி தெரியாத பருவம், அதிகம் என்பதால், அந்த ஏற்பாட்டை முட்டை எடுக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி முடித்துவிடுங்கள்.