# ஹேஷ் (#) போட்ட பழைய லிங்க்: ரீரைட்ரூல் ஏன் பிடிப்பதில்லை?

ஏற்காட்டில் காட்டேஜ் நடத்தும் வாசகர் கேட்கிறார்: பழைய சைட் ஒரே பக்கம். ரூம்களுக்கு '/#ரூம்ஸ்', காபித் தோட்டத்துக்கு '/#காபி' என்று லிங்க். புது சைட்டில் இரண்டும் தனிப் பக்கங்கள். எச்டிஆக்சஸ் ஃபைலில் (அப்பாச்சி என்ற வெப் சர்வருக்கான அமைப்பு ஃபைல்) ரீரைட்ரூல், அதாவது வரும் முகவரியை வேறொன்றுக்கு மாற்றும் ரூல், எழுதியும் பலனில்லை. விசிட்டிங் கார்டில் அச்சடித்த கியூஆர் கோடு முகப்பிலேயே நிற்கிறது. என்ன செய்யலாம்?

உங்கள் ரூலில் தப்பு தேட வேண்டாம். #-ம் அதற்குப் பின்னால் இருப்பதும் சர்வருக்குப் போவதே இல்லை, பிரவுசர் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. சர்வர் லாகைத் திறந்தால் '/#ரூம்ஸ்' வழியாக வந்தவரும் வெறும் '/' என்றுதான் பதிவாகியிருப்பார். வராததை ரீரைட்ரூல் எப்படிப் பிடிக்கும்?

எனவே வேலையை முகப்புப் பக்கத்து ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுங்கள். ஹெட் பகுதியில், மற்ற ஸ்கிரிப்டுகளுக்கு முன்னால், பழைய # பெயருக்கு எதிரே புதுப் பக்கத்தை எழுதிய சின்னப் பட்டியல் வையுங்கள். லொகேஷன்.ஹேஷ் மதிப்பு (முகவரியின் # பகுதி; # குறியும் சேர்ந்தே வரும்) பட்டியலில் இருந்தால் லொகேஷன்.ரீப்ளேஸ் மூலம் (முகப்பு பிரவுசர் வரலாற்றில் தங்காதபடி) அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் பேக் பட்டனை அழுத்துபவர் முகப்புக்கு வந்து மறுபடியும் தள்ளப்படலாம். முகப்பிலேயே இருப்பவர் பழைய லிங்க்கை அழுத்தினால் பக்கம் ரீலோடு ஆகாது; அதற்கு ஹேஷ்சேஞ்ச் நிகழ்விலும் (# பகுதி மாறும்போது பிரவுசர் தரும் அறிவிப்பு) இதே சோதனை வேண்டும். ஹேஷில் வந்ததை அப்படியே முகவரியாக்கி அனுப்பாதீர்கள், எவனோ தன் சைட்டுக்கு ஆளைத் திருப்ப அது வழிவிடும். ஆங்கில # பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் பட்டியலோடு பொருந்தாது.

எதிர்த்திசை, அதாவது தனிப் பக்க முகவரியை # பகுதிக்கு அனுப்புவது, சுலபம். '/கட்டணம்' என்பதை '/ரூம்ஸ்#கட்டணம்' பகுதிக்கு சர்வரே அனுப்பும். ஆனால் அப்பாச்சி #-ஐ %23 ஆக மாற்றிவிடும், விருந்தாளிக்கு 404 (பக்கம் இல்லை என்ற பதில்) தான் கிடைக்கும். ரூலின் கடைசியில் ஆர்=301 (நிரந்தர ரீடைரக்ட்) உடன் என்இ கொடியையும் (குறிகளை %23 போல மாற்றாதே என்ற குறிப்பு) சேருங்கள். கேள்விக்குறி இருந்தால் அது #-க்கு முன்னால் வர வேண்டும்.

இன்னொன்று பலரைக் குழப்பும்: ரீடைரக்ட் முகவரியில் # இல்லாவிட்டால் பிரவுசர் பழைய #-ஐயே புதுப் பக்கத்திலும் ஒட்டிவிடும். வெப்பின் எச்டிடிபி விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 9110 ஆவணத்தின் விதியே அப்படி. வேண்டாமென்றால் சேருமிடத்தில் வேறொரு # பெயர் கொடுங்கள்.

எல்லாம் சரியாகும்வரை 302 (தற்காலிக ரீடைரக்ட்) போதும். 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும்; திருத்திய பிறகும் உங்கள் போனில் பழையதே வரும்.