சட்டம் கேளுங்கள்: விலகிய பங்காளியும் வராத பாக்கியும்

இம்மாதம் வந்த கடிதங்களைப் படித்தபோது, கேட்டவர்கள் வேறு வேறாக இருந்தாலும் பெரும்பாலானவற்றில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்ததைக் கவனித்தேன்: "தெரிந்தவர்தானே என்று எழுதி வாங்கவில்லை." ஐந்து கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன். கேட்டவர்களின் பெயரையும் கடையின் பெயரையும் நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: பினாங்கு ஸ்ட்ரீட்டில் என் மைத்துனரோடு கூட்டாகத் துணிக்கடை நடத்தி வந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மனத்தாங்கல் ஏற்பட்டு, போட்ட முதலை வாங்கிக்கொண்டு விலகிவிட்டேன். எல்லாம் வாய்ப்பேச்சுதான். எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவில் என் பெயர் இன்னும் இருப்பது எனக்குத் தெரியாது. இப்போது கடைக்குச் சரக்கு கொடுத்த மொத்த வியாபாரி 38,000 ரிங்கிட் கேட்டு எங்கள் இருவர் மீதும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். அதில் 11,000 ரிங்கிட் நான் இருந்த காலத்துப் பாக்கியாம். நான் கட்ட வேண்டுமா? என்னைத் திவாலாக்கிவிடுவார்களா? (ஜெலுத்தோங் வாசகர்)

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அழைப்பாணை உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் நீங்கள் நீதிமன்றத்தில் முன்னிலைப் பத்திரம், அதாவது வழக்கை எதிர்கொள்ள வருகிறேன் என்று தெரிவிக்கும் தாள், தாக்கல் செய்ய வேண்டும். "இது மச்சானின் கடன், அவரே பார்த்துக்கொள்வார்" என்று சும்மா இருந்தால், உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். அப்படி வந்த தீர்ப்பை நீக்கக் கோருவதற்கும் கெடு உண்டு. அது கிடைத்த 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் அழைப்பாணை உங்கள் கையில் கிடைத்த தேதியைப் பாருங்கள்.

இனிக் கடனுக்கு வருவோம். நம் நாட்டில் இதை ஆள்வது 1961ஆம் ஆண்டின் கூட்டுத்தொழில் சட்டம். ஒருவர் பங்காளியாக இருந்த காலத்தில் ஏற்பட்ட கடனுக்கு, அவர் விலகிய பின்னும் பொறுப்பாளியே. "நான் பாதிப் பங்குதானே, பாதியைக் கட்டுகிறேன்" என்ற வாதம் கடன் கொடுத்தவரிடம் செல்லாது. அவர் முழுத் தொகையையும் உங்களிடமே வசூலிக்கலாம், நீங்கள் பிறகு மைத்துனரிடம் அவர் பங்கைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். எனவே அந்த 11,000 ரிங்கிட் மேலோட்டமாகப் பார்த்தால் உங்கள் தலையில்தான் விழுகிறது.

மேலோட்டமாக என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் விலகிய பிறகும் கடை அதே வியாபாரியிடம் சரக்கு எடுத்து, அவ்வப்போது பணமும் கட்டி வந்திருக்கும் அல்லவா? எந்தப் பாக்கிக்கான பணம் என்று கட்டியவரும் சொல்லாமல், வாங்கியவரும் குறிக்காமல், கணக்கு ஒன்றாக ஓடியிருந்தால், அந்தப் பணம் காலத்தால் முந்திய கடனுக்கே முதலில் வரவு வைக்கப்படும் என்பது 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் உள்ள விதி. இந்த மூன்று ஆண்டுகளில் கடை 11,000 ரிங்கிட்டுக்கு மேல் கட்டியிருக்குமானால், உங்கள் காலத்துப் பாக்கி எப்போதோ தீர்ந்துபோயிருக்கலாம். இது எல்லா வழக்கிலும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் வியாபாரியின் கணக்கு ஏட்டையும் ரசீதுகளையும் கேட்டு வாங்காமல் ஒரு காசும் ஒப்புக்கொள்ளாதீர்கள். என்னிடம் வருபவர்களில் பலர் இந்தக் கணக்கைப் பார்க்காமலேயே சமரசத்துக்குப் போய்விடுகிறார்கள்.

மீதி 27,000 ரிங்கிட் நீங்கள் விலகிய பிறகு வந்தது. அதில் உங்களுக்குப் பங்கில்லை என்று நீங்கள் நினைப்பது இயல்பு. ஆனால் சட்டம் வியாபாரியின் இடத்தில் நின்று பார்க்கிறது. ஒரு கூட்டுக்கடையோடு முன்பே கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஒருவர், பங்காளி மாறிய செய்தி தமக்கு எட்டும்வரை, பழைய பங்காளிகள் எல்லாரும் இன்னும் இருப்பதாகவே கொள்ள உரிமை உள்ளவர். அரசிதழில் விளம்பரம் கொடுத்திருந்தாலும் அது புதிதாக வரும் வியாபாரிகளுக்குத்தான் போதுமானது. பழகிய வியாபாரிக்குச் செய்தி நேராகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது: நீங்கள் விலகியது அந்த வியாபாரிக்குத் தெரியுமா? விற்பனையாளரிடம் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, உங்கள் பெயர் இல்லாமல் மாற்றி அடித்த விலைப்பட்டியல், "இனி மச்சானிடம்தான் பேச வேண்டும்" என்று நீங்கள் சொன்னதைக் கேட்ட ஒரு சாட்சி என எது கிடைத்தாலும் தேடி எடுங்கள். மைத்துனர்தான் கட்ட வேண்டும் என்றால், அவர் மீது உங்கள் கோரிக்கையை இதே வழக்கில் சேர்த்து வைக்கவும் வழி உண்டு. உங்கள் வழக்கறிஞரிடம் அதைக் கேளுங்கள்.

திவால் பயம் இப்போதைக்கு வேண்டாம். 1967ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டத்தின் கீழ் ஒருவரைத் திவாலாக்கக் கடன் குறைந்தது 100,000 ரிங்கிட் இருக்க வேண்டும். ஆனால் தீர்ப்புக் கடனுக்காகப் பொருள்களை ஜப்தி செய்ய அந்த வரம்பு கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். வழக்கு ஒருபுறம் இருக்க, எஸ்.எஸ்.எம். பதிவிலிருந்து உங்கள் பெயரை உடனே நீக்குங்கள். மாற்றம் நடந்த 30 நாட்களுக்குள் தெரிவித்திருக்க வேண்டியது அது.

கேள்வி: நான் செந்தூலில் வீட்டிலிருந்தே சாப்பாட்டு ஆர்டர் எடுக்கிறேன், தனி உரிமையாளராகப் பதிவும் வைத்திருக்கிறேன். ஒரு வளைகாப்புக்கு 6,800 ரிங்கிட் பேசி, 2,000 முன்பணம் வாங்கிச் சமைத்துக் கொடுத்தேன். மீதி 4,800 ரிங்கிட்டை "மாதக் கடைசியில் தருகிறேன் அக்கா" என்று வாட்ஸ்அப்பில் ஐந்து மாதமாகச் சொல்கிறார்கள். ஒப்பந்தம் என்று எதுவும் எழுதவில்லை. வக்கீல் வைத்தால் வக்கீலுக்கே போய்விடுமே? (செந்தூல் வாசகி)

பதில்: உங்களிடம் ஒப்பந்தம் இருக்கிறது அம்மா, தாள்தான் இல்லை. விலை பேசி, ஒருவர் ஒப்புக்கொண்டு, மற்றவர் வேலையைச் செய்து கொடுத்துவிட்டால் வாய்மொழியாகவே ஒப்பந்தம் முழுமையாகிவிடுகிறது. அதை நிரூபிப்பதுதான் வழக்கமாகச் சிரமம். உங்கள் விஷயத்தில் அந்தச் சிரமத்தை எதிர்த்தரப்பே தீர்த்து வைத்திருக்கிறது. "தருகிறேன்" என்று ஐந்து மாதம் எழுதியவர், நாளை "சாப்பாடு சரியில்லை, அதனால் தரவில்லை" என்று சொன்னால் நீதிபதி அந்தச் செய்திகளைத்தான் முதலில் பார்ப்பார். மின்னணுச் செய்திகள் நம் நீதிமன்றங்களில் சான்றாக ஏற்கப்படுகின்றன. அந்த உரையாடலைத் தொலைபேசி எண்ணும் தேதியும் தெரியும்படி இன்றே அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி தொலைந்தபின் அழுது பயனில்லை.

வக்கீல் தேவையில்லாத வழியும் இருக்கிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறுதொகைக் கோரிக்கை என்ற நடைமுறையின் கீழ் 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்குத் தனிநபர் ஒருவர் தாமே வழக்குத் தொடுக்கலாம். அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உங்களுக்கு அனுமதியே இல்லை என்பதால் அந்தச் செலவைப் பற்றிய கவலையும் இல்லை. படிவம் 198ஐ நிரப்பி, கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் தாக்கல் செய்யுங்கள். கோரும் தொகையையும் அது எப்படி வந்தது என்பதையும் நான்கைந்து வரிகளில் எழுதினால் போதும். நடந்த கதை முழுவதையும் அதில் கொட்ட வேண்டாம். அதற்கு முன்பு 14 நாள் கெடு வைத்து ஒரு கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பாதிப் பேர் அதிலேயே கட்டிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அது வாங்கியவருக்கான இடம். விற்றவர் அங்கே புகார் கொடுக்க முடியாது. ஒப்பந்தப் பாக்கிக்கு ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது, ஆனாலும் அதை நம்பி ஒத்திப்போடாதீர்கள்.

கேள்வி: மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் பழைய கடைவீட்டில் பூமாலைக் கடை வைத்திருக்கிறேன். என் தந்தை காலத்திலிருந்து மாத வாடகை. எழுத்து ஒப்பந்தம் இல்லை. கட்டடம் கைமாறிவிட்டது. புதிய உரிமையாளர் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு, அது முடிந்த மறுநாள் காலையில் பூட்டை மாற்றிவிட்டார். என் பொருள்கள் உள்ளே இருக்கின்றன. பழைய வாடகைதாரரை வெளியேற்ற முடியாது என்று அப்பா சொல்வாரே? (ஜார்ஜ்டவுன் வாசகர்)

பதில்: உங்கள் தந்தை சொன்னது அவர் காலத்துக்குச் சரி. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைக் காத்து நின்ற 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்துச் செய்யப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தப் பாதுகாப்பு முற்றாக நீங்கியது. கடைத்தெருவில் பல குடும்பங்கள் இடம்பெயர்ந்ததை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே மாத வாடகையை முறையான நோட்டீஸ் கொடுத்து முடிக்க உரிமையாளருக்கு இப்போது உரிமை உண்டு.

ஆனால் வாடகை முடிந்தது வேறு, ஆளை வெளியேற்றுவது வேறு. 1950ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, வாடகைக் காலம் முடிந்த பின்னும் வாடகைதாரர் இடத்தில் இருந்தால், நீதிமன்ற நடவடிக்கை மூலம் அன்றி வேறு வழியில் இடத்தை மீட்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. பூட்டை மாற்றுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, சாமான்களைக் கடை முன் நடைபாதையான ஐந்தடியில் தூக்கி வைப்பது எல்லாம் இதற்குள் அடங்கும். வாடகை பாக்கி இருந்தாலும், உள்ளே உள்ள பொருள்களைப் பிடிக்க அவர் நீதிமன்றத்திடம் ஆணை வாங்க வேண்டும். போலீஸ் புகார் ஒன்றைப் பதிவு செய்து, பூட்டிய கதவைப் படம் எடுத்துக்கொண்டு, தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள். கடையைத் திறக்க இடைக்கால உத்தரவும் பூ அழுகிய நட்டத்துக்கு ஈடும் கேட்கலாம். ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: இந்த உத்தரவு உங்களுக்குக் கால அவகாசத்தைத் தரும், கடைவீட்டைத் தராது. அந்த அவகாசத்தில் வேறு இடம் பார்ப்பதே நல்லது.

கேள்வி: பிரிக்ஃபீல்ட்ஸில் அழகு நிலையம் நடத்துகிறேன். நான் பழக்கிவிட்ட பெண் வேலையை விட்டு, அதே சாலையில் வேறு கடையில் சேர்ந்துவிட்டாள். இரண்டு ஆண்டுக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் இதே வேலை செய்யக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறேன். கடைசி மாதச் சம்பளத்தையும் பிடித்து வைத்திருக்கிறேன். (பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி)

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் அந்தக் கையெழுத்தால் பயனில்லை. ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு, தடுக்கும் அளவுக்குச் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. இங்கிலாந்தில் "நியாயமான தடை" என்று வாதாடலாம். நம் சட்டத்தில் அதற்கு இடமில்லை. 1964இல் ஒரு வழக்கறிஞர் அலுவலகமே தன்னிடம் வேலை பார்த்தவர் கோத்தா பாருவைச் சுற்றி ஐந்து மைலுக்குள் இரண்டு ஆண்டு தொழில் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கி, நீதிமன்றத்தில் தோற்றது. சட்டம் படித்தவர்களுக்கே நேர்ந்தது இது. கடையை நற்பெயரோடு விற்றவர், கூட்டிலிருந்து பிரியும் பங்காளி ஆகியோருக்கு மட்டும் தடை விதிக்கலாம்.

அவள் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலை நகலெடுத்துச் சென்றிருந்தால் அது வேறு விஷயம். அந்தரங்கத் தகவலைப் பாதுகாக்க நீங்கள் வழக்குத் தொடுக்கலாம். வாடிக்கையாளர்கள் தாமாகவே அவளைத் தேடிப் போனால் ஒன்றும் செய்வதற்கில்லை. சம்பளத்தை மட்டும் உடனே கொடுத்துவிடுங்கள். அவள் நோட்டீஸ் கொடுக்காமல் போயிருந்தால் அதற்குரிய தொகையைக் கழிக்க வேலைச் சட்டம் இடம் தருகிறது. கோபத்துக்காக முழுவதையும் நிறுத்தி வைக்க இடம் தரவில்லை. அவள் தொழிலாளர் இலாகாவுக்குப் போனால், விசாரணையில் நிற்க வேண்டியவர் நீங்களாக இருப்பீர்கள்.

கேள்வி: எங்கள் மசாலாத் தூளின் பெயரை எஸ்.எஸ்.எம்.மில் ஆண்டுக்கு 60 ரிங்கிட் கட்டிப் பதிந்திருக்கிறோம். வேறொருவர் அதே பெயரில் பொட்டலம் போட்டால் தடுக்கலாமா? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: அந்த 60 ரிங்கிட் நீங்கள் அந்தப் பெயரில் வியாபாரம் செய்கிறீர்கள் என்று அரசுக்குத் தெரிவிப்பதற்கான கட்டணம், பெயரை உங்கள் சொத்தாக்குவதற்கானது அன்று. அதற்கு 2019ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தின் கீழ் மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். பதியாதவர்களும் நீண்ட காலப் புழக்கத்தால் கிடைத்த நற்பெயரைக் காட்டி வழக்குத் தொடுக்க முடியும், ஆனால் அந்தப் புழக்கத்தை ஒவ்வொரு ரசீதாக நிரூபிக்க வேண்டியிருக்கும். மற்றவரின் பொட்டலம் சந்தைக்கு வருவதற்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்; பழைய பொட்டல உறைகளையும் விலைச்சீட்டுகளையும் தூக்கி எறியாதீர்கள்.