பிரெஞ்சு வினைச்சொல்லை எப்படி அசை பிரிப்பது? 'பர்லென்ட்' என்று எழுதியிருப்பதை 'பர்ல்' என்கிறார்களே?

ஆம், 'பர்ல்' தான் சரி. 'பேசுகிறார்கள்' என்று பொருள்படும் அந்த வடிவத்தின் ஈற்றில் வரும் ஈ, என், டி மூன்றுக்கும் ஒலி இல்லை. ஆகவே பேச்சில் ஒரே அசை. நான், நீ, அவன், அவர்கள் நான்குக்கும் எழுத்து மாறினாலும் காதுக்கு அதே 'பர்ல்' தான். 'நாங்கள்' வந்தால் பர்-லோன் (ஓகாரம் மூக்கொலி, 'ன்' தனியாகக் கேட்காது), 'நீங்கள்' வந்தால் பர்-லே என இரண்டு அசை.

எல்லா வினையும் இப்படியல்ல. 'முடிக்கிறான்' ஃபி-னி, 'முடிக்கிறார்கள்' ஃபி-னிஸ். இங்கே பன்மையைக் காட்டுவது கடைசி 'ஸ்' ஒலி.

குழப்பம் வருவது அச்சில்தான். வரி முடிவில் சொல்லை உடைக்கும்போது 'பர்-லென்ட்' என இரண்டாகப் பிரிப்பதுண்டு. மரபுக் கவிதையிலும் அடியின் நடுவே அது இரண்டு அசையாகவே எண்ணப்படும். அதைப் பார்த்துப் பேச்சை அளக்க வேண்டாம்.

இன்னொன்று: கேள்வியில் 'அவர்கள்' என்று பொருள்படும் 'இல்' வினைக்குப் பின்னால் வந்தால், ஊமையாக இருந்த அந்த 'டி' எழுத்து 'த்' என விழித்துக்கொள்ளும்: பர்ல்-தில்?